ஆங்கிலத்தில் இறந்த காலம்: ஒரு மாத்திரை கற்பித்த பாடம்

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு



'ஆங்கிலம் பேச வந்தால் போதும், இலக்கணம் எதற்கு?' என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. எட்டாம் வகுப்பு வரை நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னை அந்தக் கட்சியிலிருந்து விலகச் செய்தவர்கள் என் அம்மாச்சி. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆயினும் ஆங்கில இறந்த காலத்தை நான் கற்றுக்கொண்டது அவர்களால்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். கீழ் வகுப்புத் தங்கைகளும் வாய்விட்டுப் படிக்க வசதியாக, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

நடந்தது என்ன?

அம்மாச்சிக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். எங்கள் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் சாப்பிடுவார்கள். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, அரையாண்டு விடுமுறையில் வெளியூரிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச் சென்றோம். பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், மாத்திரையையும் பிறகுதான் சாப்பிடவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே அன்று காலை மட்டும் அம்மாச்சி மாத்திரை சாப்பிடவில்லை.

எங்களைப் பார்த்த டாக்டர் வடநாட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவோ பழைய சீட்டுகள் இருந்த பையோடு பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கான்வென்டில் படிக்கும் நான் இருக்கும்போது என்ன கவலை? நானே மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

விரலில் குத்திப் பார்த்த சர்க்கரைக் கணக்கு டாக்டரின் மேசைமேல் இருந்தது. அவர் என்னிடம், 'டிட் ஷி டேக் ஹெர் டேப்லெட்ஸ் திஸ் மார்னிங்?' என்று கேட்டார். இன்று காலை மாத்திரை சாப்பிட்டார்களா என்பது கேள்வி. நான் தயங்காமல், 'நோ டாக்டர், ஷி டஸ் நாட் டேக் டேப்லெட்ஸ்' என்றேன். 'சாப்பிடவில்லை' என்று சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் என் வாயிலிருந்து வந்த ஆங்கிலத்துக்கு, 'இவர்கள் மாத்திரையே சாப்பிடுவதில்லை' என்பது பொருள்!

டாக்டரின் முகம் மாறியது. மருந்தே சாப்பிடாத நோயாளி என்று எண்ணி, புதிதாக மாத்திரை எழுதத் தொடங்கினார். அம்மாச்சி ஒன்றும் புரியாமல் சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "தாயி, சாப்பிட்டுட்டு இதைப் போட்டுக்கலாமான்னு கேளு" என்றார்கள். அருகில் நின்ற நர்ஸ் அம்மா தமிழர். அட்டையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது தினமும் போடுறதா?" என்று கேட்டார்கள். "ஆமாம்மா, ரெண்டு வேளையும். இன்னைக்குத்தான் போடல" என்றார்கள் அம்மாச்சி.

நர்ஸ் அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. 'ஷி டிட் நாட் டேக்' என்று இரண்டு முறை மெதுவாகச் சொல்லிக் காட்டிவிட்டு, எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். அந்தச் சீட்டோடு வீடு திரும்பியிருந்தால், அம்மாச்சி பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்தே சாப்பிட்டிருப்பார்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று வெளியே வந்தபின் நர்ஸ் அம்மா எனக்கு விளக்கினார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளி திறந்ததும் ஆங்கில ஆசிரியையான சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "தமிழில் என்ன சொல்ல நினைத்தாய்?" என்று கேட்டார்கள். "சாப்பிடவில்லை என்று, சிஸ்டர்." "அந்தச் சொல்லில் இறந்த காலம் எங்கே இருக்கிறது? காட்டு பார்க்கலாம்" என்றார்கள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அங்கேதான் என் பாடம் தொடங்கியது.

1. காலம் சொல்லில் எங்கே இருக்கிறது?

தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படிக்கிறோம். 'செய்தாள்' என்பதைச் செய் + த் + ஆள் என்று பிரிக்கிறோம். 'செய்' பகுதி, 'ஆள்' விகுதி, நடுவில் நிற்கும் 'த்' இறந்தகால இடைநிலை. த், ட், ற், இன் ஆகியவை இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் என்று நன்னூல் வழி நாம் அறிவோம். செய்தாள், உண்டாள், சென்றாள், ஓடினாள் என்னும் நான்கு சொற்களிலும் அவற்றை வரிசையாகக் காணலாம்.

ஆங்கிலத்தில் பல வினைகளுக்குக் காலம் காட்டும் உறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. அதற்குப் பின் யார் செய்தார் என்று காட்டும் விகுதி எதுவும் இல்லை. நாம் எடுத்தேன், எடுத்தாய், எடுத்தாள், எடுத்தார்கள் என்று மாற்றுகிறோம். அவர்களோ 'ஐ டுக், யூ டுக், ஷி டுக், தே டுக்' என்று ஒரே சொல்லை எல்லார்க்கும் பயன்படுத்துகிறார்கள். நிகழ்காலத்தில் 'ஷி டேக்ஸ்' என்று நம்மைத் தொல்லைப்படுத்தும் கடைசி 'ஸ்' கூட இறந்த காலத்தில் கிடையாது. இது நமக்கு எவ்வளவு பெரிய சலுகை!

ஆனால் சலுகைக்கு ஒரு விலை உண்டு. 'நேற்று வந்தாள்' என்றால் தமிழில் அது முழு வாக்கியம். வந்தவள் பெண் என்பதை 'ஆள்' விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'கேம் எஸ்டர்டே' என்றால் வந்தது யார் என்று தெரியாது. ஆகவே எழுவாயை விட்டுவிடக் கூடாது. 'ஷி கேம் எஸ்டர்டே' என்றே சொல்லவேண்டும்.

ஆளுக்கேற்ப மாறும் இறந்தகால வினை ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான். அது 'இரு' என்னும் பொருளுடைய 'பி'. ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றோடு 'வாஸ்' வரும். வி, யூ, தே ஆகியவற்றோடு 'வேர்' வரும்.

2. ஒழுங்கான வினைகள்

பெரும்பாலான ஆங்கில வினைகளின் இறுதியில் ஈ, டி என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்த காலம் ஆகிவிடும். எழுதும்போது நான்கு விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

(அ) 'வாக்', 'கால்' போன்ற சொற்களில் ஈ, டி இரண்டையும் அப்படியே சேர்க்கவேண்டும்.
(ஆ) 'லவ்' போல ஏற்கெனவே ஈ எழுத்தில் முடிந்தால் டி மட்டும் போதும்.
(இ) 'ஸ்டடி' போல மெய்யெழுத்தை அடுத்து ஒய் எழுத்து வந்தால், ஒய் மறைந்து ஐ தோன்றும். 'ப்ளே' என்னும் சொல்லில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் மாற்றம் இல்லை.
(ஈ) 'ஸ்டாப்' போன்ற ஓரசைச் சொல்லில், கடைசி மெய்க்கு முன் ஒரே ஓர் உயிரெழுத்து இருந்தால் அந்த மெய் இரட்டிக்கும்.

எழுதுவதைவிட உச்சரிப்பில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். ஈ எழுத்தைப் பார்த்தவுடன் 'வாக்கெட்', 'ஸ்டாப்பெட்', 'காலெட்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இந்த இறுதிக்கு மூன்று ஒலிகள் உண்டு. க், ப், ஸ், ஷ், ச் போன்ற வல்லொலிகளுக்குப் பின் அது வெறும் 'ட்' ஆகும்: 'வாக்ட்', 'ஸ்டாப்ட்', 'வாஷ்ட்'. ல், ம், ன் போன்றவற்றுக்குப் பின்னும் உயிரொலிக்குப் பின்னும் அது 'டாக்டர்' என்பதன் முதலொலியைப் போல மெல்லியதாக ஒலிக்கும்: 'கால்ட்', 'க்ளீன்ட்', 'ப்ளேய்ட்'. டி அல்லது டீ எழுத்தின் ஒலியில் சொல் முடிந்தால் மட்டுமே ஓர் அசை கூடும்: 'வான்டிட்', 'நீடிட்', 'வெயிடிட்'. கழுத்தில் கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'வாக்' என்பதன் கடைசி ஒலியில் தொண்டை அதிராது. 'கால்' என்பதன் கடைசி ஒலியில் அதிரும். அதிராத ஒலியை அதிராத 'ட்' பின்தொடர்கிறது. சோதனைக்கு இதைவிட எளிய கருவி வேண்டுமா?

3. ஒழுங்கில் அடங்காத வினைகள்

இப்போது நம்மைப் பயமுறுத்தும் பட்டியலுக்கு வருவோம். அன்றாடம் பயன்படும் ஒழுங்கற்ற வினைகள் ஏறக்குறைய 200 இருக்கும். அவற்றை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய முயன்று, 'பி' எழுத்தோடு கைவிட்டவர்களில் நானும் ஒருத்தி. பிறகு சிஸ்டர் சொன்னபடி குடும்பம் குடும்பமாகப் பிரித்தேன். பாதிப் பயம் அப்போதே போய்விட்டது.

முதற் குடும்பத்தில் உள்ளே இருக்கும் உயிர் மட்டும் மாறும்: 'ட்ரிங்க் – ட்ரேங்க்' (குடித்தல்), 'ஸிங் – ஸேங்' (பாடுதல்), 'ஸ்விம் – ஸ்வேம்' (நீந்துதல்), 'பிகின் – பிகேன்' (தொடங்குதல்).

இரண்டாம் குடும்பத்தில் ஓகார ஒலி வரும்: 'ரைட் – ரோட்' (எழுதுதல்), 'ஸ்பீக் – ஸ்போக்' (பேசுதல்), 'ப்ரேக் – ப்ரோக்' (உடைத்தல்), 'ட்ரைவ் – ட்ரோவ்' (ஓட்டுதல்).

மூன்றாம் குடும்பம் 'ஆட்' என்று முடியும்: 'பை – பாட்' (வாங்குதல்), 'ப்ரிங் – ப்ராட்' (கொண்டுவருதல்), 'திங்க் – தாட்' (நினைத்தல்), 'டீச் – டாட்' (கற்பித்தல்), 'கேட்ச் – காட்' (பிடித்தல்).

நான்காம் குடும்பத்தில் நெடில் குறுகி, இறுதியில் 'ட்' சேரும்: 'கீப் – கெப்ட்' (வைத்திருத்தல்), 'ஸ்லீப் – ஸ்லெப்ட்' (தூங்குதல்), 'ஃபீல் – ஃபெல்ட்' (உணர்தல்).

ஐந்தாம் குடும்பம் நமக்குப் பிடித்தமானது. மாறவே மாறாது: 'கட்', 'புட்', 'ஷட்', 'ஹிட்', 'காஸ்ட்'. இவற்றோடு சேர்ந்தது போலத் தோன்றி ஏமாற்றுவது 'ரீட்'. எழுத்து மாறாது, ஆனால் இறந்த காலத்தில் 'ரெட்' என்று படிக்கவேண்டும்.

'ஆங்கிலம் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கிறது?' என்று கோபித்துக்கொள்ளும் முன் நம் தமிழைச் சற்றே பாருங்கள். 'காண்' என்பது 'காண்டாள்' ஆவதில்லை. நெடில் குறுகிக் 'கண்டாள்' ஆகிறது. 'கீப்' என்பது 'கெப்ட்' ஆவதும் இதே போன்றதுதான்! 'வா' என்பது 'வந்தாள்' ஆகும்போது 'வா' குறுகி 'வ' ஆவதை விகாரம் என்கிறோம். 'விடு', 'பெறு' ஆகியவை இடைநிலையே இல்லாமல் தம் ஒற்று இரட்டித்து 'விட்டாள்', 'பெற்றாள்' என்று இறந்த காலம் காட்டுகின்றன. பகுதியே மாறிக் காலம் காட்டுவதில் 'ட்ரிங்க் – ட்ரேங்க்' என்பதற்கு இவை உறவு போலத் தோன்றவில்லையா? தமிழில் இவற்றை நாம் தாய்மடியில் கற்றுவிட்டதால் கடினம் தெரியவில்லை.

இந்த வினைகள் ஒழுங்கற்றவை என்பதைவிடப் பழமையானவை என்பதே பொருந்தும். ஜெர்மன் அறிஞர் ஜேக்கப் கிரிம் (1785–1863) தம் தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். ஸ்நோ ஒயிட் கதையை நாம் படித்தது அவர்கள் தொகுப்பின் வழியாகத்தான். அவர் பெரிய இலக்கண அறிஞரும்கூட. உயிர் மாற்றத்தால் காலம் காட்டும் வினைகளை 'வலியவை' என்றும், வெளியிலிருந்து ஓர் உறுப்பைச் சேர்த்துக்கொள்பவற்றை 'மெலியவை' என்றும் அவர் பெயரிட்டார். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்து மொழிகளாதலால் இரண்டிலும் இப்பிரிவு உண்டு.

காலப்போக்கில் வலிய வினைகள் சில மெலியவை ஆயின. 'ஹெல்ப்' என்பதற்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்பது இறந்தகாலம். இன்று 'ஹெல்ப்ட்' என்கிறோம். புதிதாகப் பிறக்கும் வினைகளும் ஈ, டி ஏற்பதே வழக்கம்: 'போன்' செய்தால் 'போன்ட்', 'டைப்' செய்தால் 'டைப்ட்'. அப்படியானால் பழையவை ஏன் இன்னும் நிற்கின்றன? மக்கள் நாள்தோறும் சொல்லும் சொல் மறப்பதில்லை; மறக்காததால் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் 'பி, ஹேவ், டூ, ஸே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக்' ஆகிய பத்தும் ஒழுங்கற்றவையே என்பது இதற்குச் சான்று.

'கோ – வென்ட்' மட்டும் எப்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது? 'வென்ட்' உண்மையில் வேறொரு வினையின் பிள்ளை. திரும்பு, செல் என்னும் பொருளுடைய 'வென்ட்' என்ற பழைய வினை ஒன்று உண்டு. நிகழ்காலத்தில் அது டி எழுத்திலும், இறந்த காலத்தில் டீ எழுத்திலும் முடியும். 'கோ'வுக்கு முன்பிருந்த இறந்தகால வடிவம் மெல்ல வழக்கொழிந்தது. 1500-ஆம் ஆண்டளவில் அந்த இடத்தில் இந்த 'வென்ட்' வந்து அமர்ந்துவிட்டது. வளர்ப்புப் பிள்ளை தாயின் சாயலில் இல்லை என்று குறை சொல்லலாமா?

4. 'டிட்' என்னும் சுமைதாங்கி

தோழியரே, கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறவாதீர்கள். என் அம்மாச்சியின் மாத்திரை இங்கேதான் இருக்கிறது.

'வந்தாள்' என்பதன் எதிர்மறை என்ன? 'வரவில்லை'. வர + இல்லை. 'வந்தாள்' என்பதில் இருந்த 'த்' இங்கே இல்லை. 'வந்தவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. 'நேற்று வரவில்லை' என்றாலும், 'இப்போது வரவில்லை' என்றாலும் சொல் ஒன்றே. காலத்தை நேற்று, இப்போது என்ற சொற்களிலிருந்தும் பேச்சின் சூழலிலிருந்தும் நாம் புரிந்துகொள்கிறோம். சிஸ்டர் என்னிடம் காட்டச் சொன்னபோது எனக்குக் கிடைக்காத காரணம் இதுதான். சொல்லில் காலம் இல்லாததால் என் நாக்கு ஆங்கிலத்தில் முதலில் தெரிந்த 'டஸ் நாட்' என்பதைப் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்திலும் எதிர்மறையில் வினை தன் காலத்தை இழக்கிறது. ஆனால் அந்தக் காலம் மறைந்துபோவதில்லை. 'டிட்' என்னும் துணைவினை அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறது. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமையைக் கல்லில் இறக்கியவர் வெறுந்தலையோடு நிற்பார். அதுபோல 'டுக்' தன் காலச் சுமையை 'டிட்' மேல் இறக்கிவிட்டு, மறுபடியும் வெறும் 'டேக்' ஆகிறது.

ஷி டுக் த டேப்லெட். (மாத்திரை சாப்பிட்டாள்.)
ஷி டிட் நாட் டேக் த டேப்லெட். (மாத்திரை சாப்பிடவில்லை.)
டிட் ஷி டேக் த டேப்லெட்? (மாத்திரை சாப்பிட்டாளா?)

ஆகவே 'டிட் நாட் டுக்' என்பது பிழை. ஒரே சுமையைக் கல்லிலும் வைத்துத் தலையிலும் வைக்க முடியாது. 'டிட் நாட் கேம்' என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் 'வந்தவில்லை' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், பிழையும் போகும்.

கேள்வியில்தான் நாம் இன்னும் அதிகமாகத் தடுமாறுகிறோம். அதற்கும் காரணம் உண்டு. தமிழில் 'வந்தாள்' என்பதோடு ஆகாரம் சேர்த்தால் 'வந்தாளா?' என்று கேள்வியாகிவிடும். இறந்தகால 'த்' அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில் 'டிட் ஷி கேம்?' என்கிறோம். ஆங்கிலத்தில் எதிர்மறைக்கும் கேள்விக்கும் ஒரே விதிதான்: 'டிட்' வந்தால் வினை பழைய உருவுக்குத் திரும்பும். 'டிட் ஷி கம்?' என்பதே சரி.

'வாஸ்', 'வேர்' இரண்டுக்கும் மட்டும் சுமைதாங்கி தேவையில்லை. 'ஷி வாஸ் நாட் ஸிக்', 'வாஸ் ஷி ஸிக்?' என்று அவை தாமே நின்றுகொள்ளும்.

இப்போது நான் செய்த பிழையைத் தெளிவாகக் காணலாம்.

சாப்பிடுவதில்லை – 'டஸ் நாட் டேக்' (வழக்கமே இல்லை)
சாப்பிடவில்லை, இன்று காலை – 'டிட் நாட் டேக்' (நடந்து முடிந்த ஒரு வேளை)

தமிழில் 'சாப்பிடுவதில்லை', 'சாப்பிடவில்லை' இரண்டையும் நான் ஒருநாளும் குழப்பியதில்லை. ஆங்கிலத்தில்தான் இரண்டையும் ஒன்றாக்கினேன். ஒரு வேளையின் செய்தி, ஒரு வாழ்நாளின் பழக்கமாக மாறிவிட்டது.

5. எப்போது பயன்படுத்துவது?

ஒரு செயல் முடிந்துவிட்டது, அது நடந்த வேளையும் முடிந்துவிட்டது என்றால் இந்தக் காலம் வரும். 'எஸ்டர்டே' (நேற்று), 'லாஸ்ட் வீக்' (போன வாரம்), 'டூ இயர்ஸ் அகோ' (இரண்டு ஆண்டுகளுக்கு முன்), 'இன் 1947' போன்ற சொற்கள் அதன் அடையாளங்கள். 'எப்போது?' என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இப்படிப்பட்ட விடை இருந்தால் எளிய இறந்த காலத்தையே எழுதுங்கள்.

இங்கே நம் நாட்டில் பெரியவர்களும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'ஐ ஹேவ் ஸீன் ஹெர் எஸ்டர்டே' என்கிறோம். 'ஹேவ்' என்பது அச்செயலை இன்றோடு முடிச்சுப் போடும் சொல். 'எஸ்டர்டே' என்றதும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. 'ஐ ஸா ஹெர் எஸ்டர்டே' என்பதே சரி. நேற்று என்று சொல்லாமல் 'பார்த்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லவேண்டுமானால் 'ஐ ஹேவ் ஸீன் ஹெர்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

முன்னாளில் வழக்கமாகச் செய்த செயலையும் இக்காலத்தில் சொல்லலாம். 'ஷி டுக் டேப்லெட்ஸ் எவ்ரி டே' என்றால் 'அப்போது நாள்தோறும் மாத்திரை சாப்பிட்டாள்' என்பது பொருள்.

தமிழிலிருந்து அப்படியே கொண்டுபோகக் கூடாத ஒன்றும் இருக்கிறது. வீட்டில் அம்மா கூப்பிட்டால், நாற்காலியை விட்டு எழாமலே 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோம். விரைவைக் காட்ட எதிர்காலச் செயலை இறந்த காலத்தில் சொல்வதைத் தமிழ் இலக்கணம் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழும்புமுன் 'ஐ கேம்' என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். 'ஐ ஆம் கமிங்' என்றே சொல்லவேண்டும்.

6. நான் கையாண்ட வழி

முதலாவது, சொற்பட்டியலை விட்டுவிட்டு வாக்கியமாகக் கற்றேன். 'பை – பாட்' என்று நூறுமுறை எழுதுவதைவிட, 'அம்மா பாட் ஃபிஷ் எஸ்டர்டே' என்று ஒருமுறை சொன்னது நன்றாக நினைவில் நின்றது.

இரண்டாவது, ஒவ்வொரு வினையையும் மூன்று உருவில் சொன்னேன்: நடந்தது, நடக்கவில்லை, நடந்ததா? 'ஷி ரோட். ஷி டிட் நாட் ரைட். டிட் ஷி ரைட்?' ஊஞ்சல்போல வினை முன்னும் பின்னும் போய்வருவதை வாய் தானாகவே பழகிக்கொள்கிறது.

மூன்றாவது, இரவில் படுக்குமுன் அன்று நடந்தவற்றை ஐந்து வாக்கியங்களில் ஒரு நோட்டில் எழுதினேன். அதில் ஒன்றேனும் 'டிட் நாட்' வாக்கியமாக இருக்கவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். அன்று செய்யாமல் விட்டதை எழுதும்போது ஆங்கிலமும் திருந்தியது. சில நாட்களில் நானும் கொஞ்சம் திருந்தினேன்!

நீங்களும் முயன்று பாருங்கள். கீழ்க்கண்டவற்றிலுள்ள பிழைகளைத் திருத்துக.

(1) டிட் யூ வென்ட் டு த லைப்ரரி?
(2) ஷி டோன்ட் கம் டு ஸ்கூல் எஸ்டர்டே.
(3) வி வாஸ் லேட்.
(4) ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர் லாஸ்ட் வீக்.
(5) மை பிரதர் கட்டட் த கேக்.

விடைகள்: (1) டிட் யூ கோ டு த லைப்ரரி? (2) ஷி டிட் நாட் கம் டு ஸ்கூல் எஸ்டர்டே. (3) வி வேர் லேட். (4) ஐ ரோட் த லெட்டர் லாஸ்ட் வீக். (5) மை பிரதர் கட் த கேக்.

ஐந்தும் சரியானால் உங்களுக்கு என் பாராட்டு. இரண்டு தவறினாலும் வருந்த வேண்டாம். வகுப்பில் தவறுவது நல்லது; அங்கே சிவப்பு மையோடு போய்விடும்.

முடிவுரை

இந்த ஆண்டு மீண்டும் அம்மாச்சியோடு அதே மருத்துவமனைக்குச் சென்றேன். இம்முறை அம்மா அருகிலேயே இருந்தும், "நீயே பேசு" என்று என்னைத்தான் முன்னே தள்ளினார்கள். வேறொரு டாக்டர், ஆனால் கேள்வி அதே கேள்வி. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, 'ஷி டேக்ஸ் தெம் எவ்ரி டே, டாக்டர். ஷி டுக் தெம் லாஸ்ட் நைட். ஷி டிட் நாட் டேக் தெம் திஸ் மார்னிங்' என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். மறுபடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மாச்சி, "என்ன தாயி, இன்னைக்கு இவ்வளவு நேரம் யோசிச்சுச் சொன்ன?" என்றார்கள். "நீங்க நேத்து செஞ்சது, இன்னைக்குச் செய்யாதது, தினம் செய்யிறது எல்லாத்தையும் தனித்தனியாச் சொன்னேன், அம்மாச்சி" என்றேன். "அப்படிப் பிரிச்சுச் சொன்னாத்தானே மருந்து குடுப்பாக" என்று சொல்லிவிட்டு, சுருக்குப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தார்கள். சாப்பிடக் கேண்டீனுக்குப் போனோம்.